இடது கன்னம், வலது கன்னம்

முதலில் மரத்துப்போனது உதட்டின் ஓரம்தான். களிம்பு பூசியது கன்னத்துக்கு, உதடு ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று பரமகுருவுக்குப் புரியவில்லை. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். வேறு யாருடைய உதட்டையோ தொட்டதுபோல் இருந்தது, உடனே நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து தாடைவரை வெள்ளைக் களிம்பு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் வழி. முக்கால் மணி நேரம் இப்படியே இருக்கணும் அப்பா, கையை வச்சிராதீங்க என்று சொல்லிவிட்டு எழில் உள்ளே போய்விட்டாள். போகும்போது நர்சம்மா டாக்டர் என்று கூப்பிட, அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது, யாரோ பெரிய டாக்டர் வருகிறார் என்று. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்த தன் மகளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது மெதுவாக உறைத்தது. பக்கத்து அறையில் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றும் சத்தம். அதற்குள் சுற்றுவது அவருடைய ரத்தம். சற்றுமுன் எழிலே கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஒரே குத்தில் எடுத்தது. அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. எழில், நான் ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறேன். அவ்வளவுதான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மாத்திரை என்கிற இடம் வரை வந்தது, அதற்குமேல் எதற்கு என்று அவள் கேட்பாளே என்று நின்றுபோனது.

எதற்கு என்று அவள் கேட்கத்தான் செய்வாள். கேட்காமல் இருப்பதற்கு அவள் யாரோ ஒரு டாக்டரா? யாரோ ஒரு டாக்டராக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அன்றைக்கு என்றால், சாப்பாட்டு மேஜையில், அவள் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட அன்றைக்கு. அதற்கும் நாலைந்து நாள் முந்தி ஒரு ராத்திரி சாப்பாட்டில்தான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது. பருத் தழும்புக்கு இரண்டு வகைக் கூட்டுச் சிகிச்சையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய மேல்படிப்பு ஆராய்ச்சி. ஒரே ஆளின் முகத்தில், இடது கன்னத்தில் நுண்ணூசி குத்தி அவருடைய ரத்தத்திலிருந்தே பிரித்த தெளிவைத் தடவுவது, வலது கன்னத்தில் அதே நுண்ணூசி குத்தி வைட்டமின் சி மருந்தைத் தடவுவது. மாதம் ஒரு முறை, நாலு மாதம். கடைசியில் எந்தக் கன்னத்தில் பள்ளம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. ஒரே முகம், ஒரே தோல், ஒரே வெயில், அதனால ஏமாத்த முடியாதுப்பா என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். வந்துகொண்டிருந்த ஒரு பையன் துபாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டானாம், ஒரு ஆள் குறைகிறதாம். "எல்லாம் லேசு லேசான தழும்பா வருது. அப்பா மாதிரி நாலாம் தரம் கெடைக்கவே மாட்டேங்குது" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. உலகம்மாள் சட்னிக் கரண்டியோடு நின்றுவிட்டாள். அந்த வீட்டில் அவர் முகத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்யாணம் ஆன புதிதில் உலகம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்து அவர் பார்வையைப் பார்த்துவிட்டு நிறுத்தியதோடு சரி. அப்புறம் அந்தப் பேச்சு, வீட்டில் கெட்டுப்போன ஒரு அறையைப் பூட்டி வைத்ததுபோல அப்படியே கிடந்தது. அதை எழில் தோசைக் கையோடு திறந்துவிட்டாள். நாலாம் தரம், தழும்பிலேயே ஆழமானது. அவருக்கு வலித்தது, ஆனால் வலித்த இடத்திலேயே ஒரு குறுகுறுப்பும் வந்தது. கிடைக்கவே மாட்டேன் என்கிற ஒன்று தன்னிடம் இருக்கிறது. "நான் வாரேன்" என்றார். "அப்பா, சும்மா சொன்னேன்." "நான் சும்மா சொல்லல."

எழிலின் துறைத் தலைவி, யாரு அப்பாவா, அப்பான்னா என்ன, முகம் முகம்தானே, ஆனா பலனை அளக்கறது வேற டாக்டர்தான் என்று ஒத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகுதான் அந்தத் தாள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது. "சர்க்கரை உண்டா? காயம் பட்டா தடிச்சுப் போகுமா? ரத்தம் இளக்க மாத்திரை ஏதாவது எடுக்கீங்களா?" என்று எழில் வரிசையாக, சந்தைக் கணக்கு வாசிப்பதுபோல் வாசித்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே பதில் சொன்னாள். "ஒங்கப்பாவுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடக் கெடையாதுட்டி. கல்லுகுண்டு மாதிரில்லா இருக்காரு. எனக்குத்தான் முட்டி, முதுகு, எல்லா எழவும்." எழில் சிரித்துக்கொண்டே இல்லை என்று குறித்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதையே இந்த ஒரு வாரமாகத் தனக்குத் தானே எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்று. எத்தனை மளிகைக் கடைக்காரன் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தராசை நான் தொடவே இல்லை சார், வாங்கும்போதே இப்படித்தான் இருந்துது. முத்திரை ஆய்வாளராக முப்பது வருஷம், எடைக்கல்லுக்கு அடியில் ஈயத்தைச் சுரண்டினவன், தட்டுக்குக் கீழே காந்தம் ஒட்டினவன், மீனை ஈரத்தோடு நிறுத்தவன், எல்லோரும் இதே குரலில்தான் சொன்னார்கள். அவர் அபராதம் எழுதிவிட்டுத் தலை நிமிராமல் அடுத்த கடைக்குப் போவார். தலை நிமிராமல் போவது வேறு காரணத்துக்கு. கடைக்காரன் கோபத்தில் முதலில் எடுப்பது அவர் முகத்தைத்தான் என்று தெரியும்.

"அண்ணாச்சி, மொதல் தடவையா?" என்றது பக்கத்து நாற்காலி. அங்கேயும் ஒரு வெள்ளை முகம், பிளாஸ்டிக் தாளுக்குள். கீழே காக்கிப் பேன்ட், போலீஸ் பூட்ஸ். மேலே மட்டும் கட்டம் போட்ட சட்டை. பரமகுரு தலையை ஆட்டினார். "நான் ஏட்டு இசக்கிராஜ். எனக்கு இது நாலாவது, கடைசி. பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான். என்ன, ஒரு எறும்பு இல்ல, ஒரு புத்து." அவன் சிரிக்க, பிளாஸ்டிக் தாள் சரசரத்தது. "நம்மளப் பாத்தீங்களா அண்ணாச்சி, அனுமாருக்கு வெண்ணெய்க் காப்பு சாத்துன மாதிரி உக்கார வச்சிருக்காவ. ஒரு வடமாலை போட்டா கன்னத்துல போட்டுட்டுப் போயிருவாங்க." பரமகுருவுக்கும் சிரிப்பு வந்தது. மரத்துப்போன உதட்டில் சிரிப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்றே தெரியவில்லை. எச்சில் வழிகிறதோ என்று துண்டால் ஒற்றிக்கொண்டார். "எந்தக் கன்னம் பரவால்ல?" என்று கேட்டார். யாரிடமும் முகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக அவருக்கு நினைவில்லை. இப்போது மட்டும் எப்படிக் கேட்க முடிந்தது? களிம்பும் தாளும் மூடியிருப்பதாலா? ஏட்டு உற்சாகமாகிவிட்டான். "ஸ்டேஷன்ல பந்தயமே ஓடுது. இன்ஸ்பெக்டர் இடதுங்காரு. ரைட்டர் வலதுங்காரு. எங்க வீட்டுக்காரி, ரெண்டும் ஒண்ணுதான், நீங்க வாயத் தொறக்காம இருந்தா அழகா இருப்பீங்கங்கா. டாக்டரம்மாட்ட கேட்டேன், நீங்க சொல்லுங்க, எது ஜெயிக்கும்னு. எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சா எதுக்கு இம்புட்டுப் பேரப் போட்டுக் குத்துதேன்னு சிரிக்காவ. நல்ல புள்ள. மனசுல ஒண்ண வச்சிட்டு வெளிய ஒண்ணு சொல்லாத புள்ள." அந்த டாக்டரம்மா தன் மகள் என்று பரமகுரு சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு வாய் வரவில்லை.

நர்சம்மா ஏட்டை உள்ளே அழைத்துப் போனாள். நாற்காலி காலியானதும் இயந்திரத்தின் சத்தம் கூடுதலாகக் கேட்டது. ரத்தம் சுற்றிச் சுற்றிப் பிரியுமாம், சிவப்பு அடியிலும் தெளிவு மேலேயும். அந்தத் தெளிவில் இருக்கிற தட்டணுக்கள்தான் பள்ளத்தை மூடுகிற வேலைக்காரர்கள் என்று எழில் அம்மாவுக்குப் பாடம் நடத்தியது அடுக்களை வரை கேட்டது. அவருடைய மாத்திரை செய்வது ஒன்றே ஒன்றுதான், அந்த வேலைக்காரர்களைக் கட்டிப்போடுவது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் அப்படித்தான் விளக்கினார், ரத்தம் ஒட்டாமல் ஓட வேண்டும் என்று. அப்படியானால் இன்றைக்கு இடது கன்னத்தில் தடவப்போவது கை கால் கட்டப்பட்ட தெளிவு. அது தோற்கும். வலது கன்னம் ஜெயிக்கும். வேறு டாக்டர் அளந்து சொல்ல, அவள் இடதைவிட வலது மேல் என்று எழுதுவாள். ஒரு ஆள்தானே. இத்தனை பேரில் ஒரு ஆள் என்ன பெரிதாக மாற்றிவிடப் போகிறது? இதையும் கடைக்காரர்கள் சொல்வார்கள், ஒரு கிராம்தானே சார். பிற்பாடு எங்கோ ஒரு ஊரில், எழிலின் ஆராய்ச்சியைப் படித்த ஒரு டாக்டர், ஒரு பெண்ணின் முகத்தைத் திருப்பிப் பார்த்து இதைவிட அது நல்லது என்று சொல்வார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பரமகுருவால் கற்பனை செய்ய முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது பதினேழு வயதில் தன் முகம்தான். பரு எல்லோருக்கும் வந்தது, மற்றவர்களுக்குப் போனது. அவருக்குச் சீழ் கோத்து, உடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழி விழுந்தது. அம்மை போட்டதா என்று பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்பார். கல்லூரியில் பணியாரச்சட்டி என்று பேர். அதைக் கண்டுபிடித்தவன் நல்ல நண்பன், ஊருக்கு வந்தால் இன்றும் பார்க்க வருவான், அந்தப் பேரைத் தான் வைத்ததே அவனுக்கு மறந்துவிட்டது. கல்யாணப் படத்தில் அவர் பக்கவாட்டில்தான் நிற்பார். படக்காரன் நேராகப் பாருங்க மாப்ளே என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். குழந்தை பிறந்தபோது பெண் என்றார்கள், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழில் என்று பேர் வைக்கச் சொன்னார். பேர் ஒரு தாயத்து மாதிரி காக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அவளுக்குப் பதினாலு, பதினைந்து வயது ஆகும்போது தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிறவளின் நெற்றியைத் திருடன்போலப் பார்ப்பார். ஒன்றுமே வரவில்லை. அவளுக்கு அம்மா தோல்.

எழில் போன வாரம் படம் பிடித்தாள், நீலத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து. நேரா. இடது பக்கம். வலது பக்கம். இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கப்பா. வெளிச்சத்துக்கு வாங்க என்று அவள் சொன்னது அவருக்குள் ஏதோ ஒரு முடிச்சைத் தளர்த்தியது. ஐம்பத்துநாலு வயதில், முதல் தடவையாக, தன் முகத்தை இன்னொருத்தர் முழுதாகப் பார்க்கட்டும் என்று அசையாமல் இருந்தார். அவள் முகத்தில் அருவருப்போ இரக்கமோ இல்லை, ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறவர்களின் உம்மென்ற கவனம்தான் இருந்தது. அதை இழக்க முடியாது. இதுதான், இதுதான் விஷயம். பயம் நெஞ்சுவலியைப் பற்றி இல்லை என்று அவருக்கு இப்போது தோன்றியது. சொல்லிவிட்டால் இந்த முகம் மறுபடியும் எதற்கும் உதவாத முகமாகிவிடும். அவள் இன்னொரு நாலாம் தரத்தைத் தேடிப் போவாள். அப்பா பழையபடி நிழலில் உட்கார்ந்துகொள்வார். அதோடு, யாரிடம் மறைக்கிறோம், அழகாகும் ஆசையும் இருந்தது. எந்தக் கன்னமாவது கொஞ்சம் ஏறிவிடாதா என்று இந்த வாரம் முழுக்க சவரம் செய்யும்போது விரலால் தடவிப் பார்த்தார். அசிங்கமான ஆசை. அதற்காகவா மகளின் தட்டில் காந்தம் ஒட்டுவாய்?

போன ஆடியில் சங்கரன்கோவில் சந்தையில் தராசு சோதனை. வெயில்கூட அதிகமில்லை. ஒரு வெங்காயக் கடையில் குனிந்து எடைக்கல்லைத் தூக்கினார், இடது தோளிலிருந்து யாரோ கயிறு கட்டி உள்ளே இழுத்ததுபோல் இருந்தது. கடைக்காரன் சோடா உடைத்துக் கொடுத்தான். அபராதம் எழுத வந்த ஆளுக்கு அவன்தான் முந்தானையில் வியர்வை துடைக்கிற அம்மா மாதிரி துண்டால் துடைத்துவிட்டான். அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் தென்காசிக்குப் போய் ஒரு இதய டாக்டரைப் பார்த்தார். அடைப்பு இருக்கு, ஆஞ்சியோ பார்த்துரணும், தள்ளிப் போடாதீங்க. சரி சார். மாத்திரைகள் அலுவலக மேஜை இழுப்பறையில், அரசாங்க முத்திரை அச்சுகளோடு. மத்தியானம் தயிர் சாதத்துக்கு அப்புறம் ஒன்று. அப்போது எழில் இரவுப் பணியில் இருந்தாள், வீட்டுக்கு வந்தால் நின்றபடியே தூங்கினாள். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாள் என்று நினைத்தார். தேர்வு முடியட்டும் என்றார், அடுத்து ஆராய்ச்சி முடியட்டும் என்றார். எதை மறைத்தாலும் அதற்கு ஒரு நல்ல காரணம் சொல்ல அவருக்கு வரும். முகத்தைக் குனிந்து குனிந்து பழகியவனுக்கு மற்றதையெல்லாம் குனிந்து மறைப்பது என்ன கஷ்டம்? ரத்தம் நிற்காமல் வந்துவிட்டால்? அவள்தான் நிறுத்த வேண்டும். பஞ்சை வைத்து அழுத்துவாள், அழுத்திக்கொண்டே யோசிப்பாள், யோசித்தால் கண்டுபிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. கண்டுபிடிக்கட்டுமே. தானாகக் கண்டுபிடித்தால் நாம் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் சத்தத்தைக் குறைத்து, குறைத்து, நின்றது.

"அப்பா, உள்ள வாங்க." கட்டிலில் படுக்க வைத்துத் தாளை உரித்து, களிம்பை வழித்துத் துடைத்தாள். துடைப்பது தெரியவில்லை, தலை இங்குமங்கும் அசைவதுமட்டும் தெரிந்தது. ஒரு கண்ணாடிக் குழாயை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். அடியில் அடர்ந்த சிவப்பு, மேலே நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவு. "பாருங்க, எவ்வளவு அழகாப் பிரிஞ்சிருக்கு. ஒங்க ரத்தம் நல்ல ரத்தம்ப்பா" என்றாள். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது. "இந்தப் பக்கம் மொதல்ல ஆரம்பிக்கேன். வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திருவேன்." விளக்கு நேராக முகத்தில் விழுந்தது. அவள் விரல்கள் தாடையைத் திருப்பி, தோலை இழுத்துப் பிடிப்பதை நிழலின் அசைவில்தான் அறிந்தார். ஊசிக் கருவி முனகத் தொடங்கியது. அவர் கையைத் தூக்கினார்.

"அய்ய, இன்னும் தொடவே இல்லியே!" என்று எழில் சிரித்தாள். நர்சம்மாவும் சிரித்தாள். "பெரிய ஆபீசர் சார், மார்க்கெட்டே நடுங்குமாம், இங்க இப்படி." கை கீழே இறங்கவில்லை. கருவியின் முனகல் நின்றது. "என்னப்பா?"

"நான்... ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுதேன்மா." மரத்த உதட்டில் வார்த்தை குழறி வந்தது. அவளுக்குப் புரிந்திருக்காது என்று மறுபடியும் சொன்னார்.

"எப்பலேர்ந்து?"

"போன ஆடியிலேர்ந்து."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் தூக்கிய கை மெல்ல இறங்கி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள். சட்டைப் பையின்மேல் நின்றது. எழில் கையுறையைக் கழற்றினாள். முகமூடியைக் கழற்றவில்லை. வலி எப்படி இருந்தது, கைக்கு இறங்கிச்சா, வேர்த்துச்சா, யார்ட்ட காட்டினீங்க, என்ன மாத்திரை, இன்னைக்கு எத்தனை மணிக்குப் போட்டீங்க. ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆஞ்சியோ?" "பாக்கல." "அம்மாவுக்கு?" "தெரியாது." அவள் குழாயைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். நல்லெண்ணெய் நிறம் முதலில் போனது, சிவப்பு நின்று நிதானமாகப் போனது. "அப்ப ஒனக்கு ஒரு ஆள் கொறையுமே" என்றார் பரமகுரு. அவள் திரும்பாமல், "சிஸ்டர், இந்தப் பேரை நீக்கிருங்க" என்றாள். பேர் என்றுதான் சொன்னாள், அப்பா என்று சொல்லவில்லை. "எந்திரிங்க. இதயப் பிரிவுக்குப் போவோம்."

காதோரத்தில் ஒட்டிய களிம்போடு அவர் பின்னால் நடந்தார். எதிரே வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், களிம்பைப் பார்த்தார்களா பள்ளத்தைப் பார்த்தார்களா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. எழில் வேகமாகப் போனாள். கோட்டின் நுனி பறந்தது. மின்தூக்கிக்கு முன்னால் கூட்டம், அவள் நிற்காமல் படிக்கட்டில் ஏறினாள். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. இத்தனை மாதமாக இப்படி முட்டும்போதெல்லாம் போனை எடுத்து யாரோ கூப்பிட்டதுபோலக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார், உலகம்மாள்கூட, ஆபீஸ் வேல முடியாதோ என்று சலித்துக்கொள்வாள். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போனது, போனைத் தொட்டது. மேலே மகளின் செருப்புச் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை வெளியே எடுத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எழில், நில்லும்மா. என்னால ஏற முடியல."

செருப்புச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. கோட்டுக்குள் தோள் இரண்டும் ஏறி இறங்கின. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுப் புறங்கையால் எதையோ துடைத்தாள். பிறகு இறங்கி வந்தாள், ஒவ்வொரு படியாக. அவர் நின்ற படிக்கு வந்து மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்கிற இடத்தில்.

"இவ்வளவு படிக்கே இப்படி மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள்.

"இதுக்கும் கொஞ்சம் முந்தியே வாங்குது" என்றார் பரமகுரு.